மிளகாய்ப் பூஞ்சையின் ஸ்டெரால் மரபணுக்கள்: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ரவூப் பக்கம் கொஞ்சம் டுரியான் மரங்கள் வைத்திருக்கும் என் மாமா ஒருமுறை கோலாலம்பூருக்கு வந்தபோது மருந்துப் போத்தலைக் கையோடு எடுத்து வந்தார். அடிமரம் அழுகுகிறது, இந்த மருந்தை மூன்று தடவை அடித்தும் கேட்கவில்லை, பூஞ்சைக்குத்தானே இதை விற்கிறார்கள் என்றார். போத்தலில் இருந்தது ட்ரையசோல் வகை. டுரியான் அடிமர அழுகலுக்குக் காரணம் பைட்டோப்தோரா பால்மிவோரா. பார்ப்பதற்குப் பூஞ்சை போல இழை விடும். ஆனால் உறவுமுறையில் அது பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம்களுக்கும் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு ஸ்டெரால், அதாவது செல்சவ்வுக்கு வேண்டிய ஒரு வகைக் கொழுப்பு, தயாரிக்கத் தெரியாது. வேண்டியதை மரத்திலிருந்தே திருடிக்கொள்ளும். ட்ரையசோலோ ஸ்டெரால் தயாரிப்பை நிறுத்தும் மருந்து. அடுப்பே இல்லாத வீட்டில் எரிவாயுவை நிறுத்தி என்ன பயன்? மாமா பாஸ்போனேட் ஊசி போடும் முறைக்கு மாறினார். "இதைப் படிக்கவா ஐந்து வருடம் பல்கலைக்கழகம் போனாய்?" என்று மட்டும் கேட்டார்.

ஆம், இதைத்தான். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்து, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் தொடர்ந்து, திடீரென்று ஓர் ஆய்வகத்தில் "உன் தலைப்பு பூஞ்சையின் ஸ்டெரால் மரபணுக்கள்" என்று சொல்லப்பட்டு விழித்து நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக மிளகாய்ப் பழ அழுகலை உண்டாக்கும் கொலட்டோட்ரைக்கத்தை வைத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரில் இதைவிட எளிதாகக் கிடைக்கும் நோய்ப்பூஞ்சை இல்லை.

முதலில் ஒரு காகிதம், ஒரு பென்சில்

மரபணுவைப் பல படியாகப் பெருக்கும் பிசிஆர் கருவியைத் தொடுவதற்கு முன், ஸ்டெரால் உருவாகும் பாதையைக் கையால் வரையுங்கள். கணினியில் இருந்து அச்சடித்து ஒட்டுவது கணக்கில் சேராது. வரைந்தால்தான் எங்கே கார்பன் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கைக்குத் தெரியும்.

இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் துண்டுகளில் தொடங்கி, படிப்படியாக 30 கார்பன் கொண்ட ஸ்குவாலின் உருவாகிறது. இதுவரை நம் கல்லீரலும் பூஞ்சையும் ஒரே வழியில்தான் நடக்கின்றன. கொழுப்புக்காக அப்பா விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரை மறிப்பது இந்தப் பகுதியைத்தான். ஸ்குவாலினில் ஓர் ஆக்சிஜன் ஏறுகிறது. அந்தப் படியைத் தடுப்பது படர்தாமரைக்குப் பூசும் டெர்பினாஃபின். பிறகு சங்கிலி வளைந்து நான்கு வளையங்களாகி லானோஸ்டெரால் ஆகிறது. இன்னமும் 30 கார்பன்.

இங்கே ஈஸ்டும் இழைப்பூஞ்சைகளும் பிரிகின்றன. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. ஈஸ்ட், லானோஸ்டெராலில் இருந்து 14-ஆம் இடத்து மீத்தைல் தொகுதியை உடனே கழற்றிவிடும். கொலட்டோட்ரைக்கம் போன்ற இழைப்பூஞ்சைகளில் பெரும்பாலானவை முதலில் எர்க்6 நொதியால் பக்கச் சங்கிலியில் ஒரு கார்பனைச் சேர்த்து, 31 கார்பன் கொண்ட யூபுரிகாலாக்கிய பிறகுதான் கழற்றத் தொடங்கும். 14-ஆம் இடத்தில் ஒன்று போகும், 4-ஆம் இடத்தில் இரண்டு போகும்: 31-இல் 3 போனால் 28. ஈஸ்டிலோ 30-இல் 3 போய், பிறகு 1 சேர்ந்து, அதே 28. பாதை முடியும் இடம் எர்கோஸ்டெரால், பூஞ்சையின் சொந்த ஸ்டெரால். அது 28 கார்பன் கொண்டது. உங்கள் வரைபடத்தில் கணக்கு 28-க்கு வரவில்லையென்றால் எங்கோ ஓர் அம்புக்குறியை விட்டிருக்கிறீர்கள்.

அந்த 14-ஆம் இடத்து மீத்தைலைக் கழற்றும் நொதிதான் சிப்51. ஈஸ்ட்காரர்கள் அதையே எர்க்11 என்பார்கள். நடுவில் ஓர் இரும்பு அணு உள்ள ஹீம் இருக்கிறது. ட்ரையசோலில் உள்ள நைட்ரஜன் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு நகராது. இமிடசோல்களும் அப்படியே. இரண்டையும் சேர்த்து அசோல் என்போம். பூஞ்சைக்கொல்லிகளை வேலை செய்யும் விதப்படி குழு பிரிக்கும் எஃப்ராக் பட்டியலில் இவை 3-ஆம் குழு. அதற்குப் பிந்தைய படிகளில் எர்க்24-ஐயும் எர்க்2-ஐயும் தடுப்பவை மார்ஃபோலின்கள், 5-ஆம் குழு. எர்க்27-ஐத் தடுப்பது ஃபென்ஹெக்ஸமிட், 17-ஆம் குழு. ஒவ்வொரு மருந்தையும் அது மறிக்கும் அம்புக்குறியின் மேல் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

எர்கோஸ்டெரால் என்ற பெயரே ஒரு பயிர்நோயிலிருந்து வந்தது. ரை தானியக் கதிரில் கறுப்புக் கொம்பு போல வளரும் எர்கோட் பூஞ்சையிலிருந்துதான் பிரெஞ்சுக்காரர் சார்ல் தான்ரே 1889-இல் இதை முதலில் பிரித்தெடுத்தார்.

உங்கள் பூஞ்சையிடம் எத்தனை பிரதி?

கோதுமை இலைப்புள்ளிப் பூஞ்சையான சைமோசெப்டோரியா டிரிட்டிசியிடம் சிப்51 ஒன்றுதான். நெல் குலைநோய்ப் பூஞ்சையிடம் ஏ, பி என்று இரண்டு. கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபுசேரியம் கிராமினியாரத்திடம் ஏ, பி, சி என மூன்று; அவற்றில் சி-யின் வேலை ஸ்டெரால் தயாரிப்பில் தெரியவில்லை, ஆனால் அதை நீக்கினால் கதிரில் நோய் குறைகிறது. கொலட்டோட்ரைக்கத்திடம் ஏ, பி இரண்டும் உண்டு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்த அனுபவம். நான் தொடங்கிய காலத்தில் கிடைத்த ப்ரைமரை (பிசிஆர் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து பி பிரதியை மட்டும் வரிசைப்படுத்தினேன். எட்டு மாதம். மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் அடங்கும் கிருமிக்கும் ஒரு டிஎன்ஏ எழுத்து வித்தியாசம்கூட வரவில்லை. பிறகு ஏ பிரதியைப் படித்தேன். வித்தியாசம் அங்கே காத்துக்கொண்டிருந்தது. ஆகவே, உங்கள் இனத்தின் அல்லது அதற்கு நெருங்கிய இனத்தின் மரபணுத் தொகுப்பைப் பொதுத் தரவுத்தளத்தில் எடுத்து, தெரிந்த சிப்51 புரதத்தை வைத்துத் தேடி, எத்தனை பிரதி என்று எண்ணிய பிறகே ப்ரைமர் வடிவமையுங்கள்.

சந்தைக்குப் போதல்

வெள்ளை உடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்புங்கள். நான் வழக்கமாக வாங்கும் காய்கறிக்கார அக்கா முதல் நாள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். "நல்லதை விட்டுவிட்டுச் சொத்தையாகப் பார்த்துப் பொறுக்குகிறாயே தம்பி, வீட்டில் சண்டையா?" இப்போது அவரே ஒரு பையில் தனியாக எடுத்துவைக்கிறார். எந்த ஊர்க் காய், கேமரன் மலையா, சிலாங்கூர்த் தாழ்நிலமா, எல்லைக்கு அப்பாலா என்று கேட்டு அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊர் தெரியாத கிருமியை வைத்து எதிர்ப்புத்திறன் பற்றிப் பேச முடியாது.

பழுத்த மிளகாயில் உள்வாங்கிய வட்டக் குழி இருக்கும். உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள்: குழிக்குள் வளையம் வளையமாகப் புள்ளிகள், ஈரமான நாளில் அவற்றின் மேல் ஆரஞ்சுக் கூழ். அந்தக் கூழ் முழுவதும் ஸ்போர்கள், பூஞ்சையின் விதை போன்றவை. புள்ளிகளில் கறுப்பு முள் போலக் குத்திட்டு நிற்பவை தெரிந்து, ஸ்போர்கள் அரிவாள் போல வளைந்திருந்தால், கொலட்டோட்ரைக்கம் ட்ரன்கேட்டமாக இருக்கலாம். ஸ்போர்கள் நேரான உருளையாக இருந்தால் வேறு இனம். கண்ணால் ஊகியுங்கள், முடிவு கட்டாதீர்கள். இனத்தை உறுதிசெய்ய, பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி மட்டும் இந்தப் பேரினத்துக்குப் போதாது. ஆக்டின், டியூபுலின், ஜிஏபிடிஹெச் போன்ற இன்னும் சில மரபணுக்களும் வேண்டும்.

குழியின் ஓரத்தில், நல்ல சதையும் கெட்ட சதையும் சந்திக்கும் இடத்தில், சின்னத் துண்டாக வெட்டி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, சுத்த நீரில் மூன்று முறை அலசி, உருளைக்கிழங்கு அகார் தட்டில் வையுங்கள். பாக்டீரியாவுக்காக குளோராம்பினிகால் சேர்க்கலாம். வளர்ந்ததும் ஒற்றை ஸ்போரிலிருந்து மறுபடி வளர்த்தெடுங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். ஒரே பழத்தில் இரண்டு இனம் குடியிருப்பது சாதாரணம். கலப்படத் தட்டிலிருந்து வரும் மரபணு வரிசையில் ஒரே இடத்தில் இரண்டு உச்சி தெரியும், நீங்களோ புதுத் திரிபு கண்டுபிடித்துவிட்டதாக மேற்பார்வையாளரிடம் ஓடுவீர்கள்.

நம் ஊர் வெப்பத்தில் இன்னொரு தொல்லை, சிலந்திப்பேனுக்கு உறவான மைட் என்ற நுண்ணிய பேன்கள். தட்டுக்குத் தட்டு ஊர்ந்து ஸ்போர்களைச் சுமந்துபோகும். பூஞ்சைப் பரப்பில் யாரோ ஊசியால் கோலம் போட்டது போலத் தடம் தெரிந்தால், அழாமல் அந்தத் தட்டைப் பையோடு கட்டி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கலம்) போடுங்கள்.

தட்டுச் சோதனை

எல்லாரும் அவசரமாகக் கடந்துபோகும் படி இது. நான் இங்கேதான் அதிக நேரம் நிற்கச் சொல்வேன். மரபணு சொல்லும் எந்தக் கதையும் இந்த எண்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கடையில் விற்கும் மருந்தைப் பயன்படுத்தாதீர்கள். அதில் பரப்பிகளும் வேறு சரக்குகளும் கலந்திருக்கும், அவையே பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். தூய வேதிப்பொருளை வாங்குங்கள். 10 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் அசிட்டோனிலோ டிஎம்எஸ்ஓவிலோ கரைத்தால் 10,000 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). இதிலிருந்து பத்துப் பத்தாக நீர்க்க வைத்து, கடைசித் தட்டில் 0.01, 0.1, 1, 10 பிபிஎம் வரும்படி, 50 டிகிரிக்கு ஆறிய அகாரில் கலந்து ஊற்றுங்கள். ஒவ்வொரு தட்டிலும் கரைப்பான் அளவு 0.1 சதவீதமாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். மருந்தில்லாத தட்டிலும் அதே கரைப்பான், அதே அளவு.

வளரும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் வட்டத்தை வெட்டித் தலைகீழாக வைத்து, 25 டிகிரியில் விட்டு, மருந்தில்லாத தட்டில் பூஞ்சை ஓரத்தைத் தொடும் முன் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டங்களை அளந்து சராசரி எடுங்கள். பிறகு 5-ஐக் கழியுங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம். மருந்தில்லாத தட்டில் 60, மருந்துத் தட்டில் 35 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கழித்தால் 55, 30, தடுப்பு 45.5 சதவீதம். கழிக்காவிட்டால் 41.7. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் வளர்ச்சி குறையக் குறைய இது பெரிதாகும். முழுதாக நின்றுபோன பூஞ்சைகூடக் கொஞ்சம் வளர்ந்ததாகக் காட்டும். இந்தச் சதவீதங்களிலிருந்து, வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவைக் கணக்கிடுங்கள். அதைத்தான் இசி50 என்கிறோம்.

ஏன் ஸ்போர் முளைப்பதை எண்ணக்கூடாது என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்பார். அசோல் இருக்கும் தட்டில் ஸ்போரைப் போட்டு அடுத்த நாள் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வேன். முளைத்திருக்கும்! ஸ்போர் தன் தாய்வீட்டுச் சீதனமாகக் கொஞ்சம் எர்கோஸ்டெராலைக் கொண்டே பிறக்கிறது. அது தீரும்வரை மருந்து உறைக்காது. முளைக்குழல் கொஞ்சம் நீண்டு, பிறகு நுனி வீங்கி, கண்ட இடத்தில் கிளைத்து, முறுக்கு மாவு பிழிந்தது போலச் சுருண்டு நிற்கும். முளைப்பை மட்டும் எண்ணினால் மருந்தே வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவீர்கள்.

குறைந்தது மூன்று அசோல்களையாவது சோதியுங்கள், உதாரணமாக டெபுகோனசோல், டைஃபெனோகோனசோல், புரோகுளோராஸ். ஒன்றை எதிர்க்கும் கிருமி இன்னொன்றையும் அதே அளவில் எதிர்க்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பெனோமில் வகை மருந்துகளுக்கு டியூபுலினில் ஒரே ஒரு மாற்றம் வந்தால் கிருமி ஒரே தாவலில் தப்பிவிடும். அசோல்களில் அப்படியில்லை, படிப்படியாக, பல மரபணுக்கள் கைகொடுத்து ஏறும். உங்கள் கிருமிகளின் இசி50 மதிப்புகள் இரண்டு கூட்டமாகப் பிரியாமல் நீண்ட வரிசையாக நின்றால் சோதனை தப்பு என்று நினைக்காதீர்கள்.

இப்போது மரபணு

சிப்51 மரபணு சுமார் ஒன்றரை ஆயிரம் எழுத்து நீளம். இரண்டு பிரதிகளையும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுமார் 1,000 எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். முன்பகுதி முக்கியம். எலுமிச்சை இனப் பழங்களில் பச்சைப் பூசணம் உண்டாக்கும் பெனிசிலியம் டிஜிட்டேட்டத்தில் மருந்தை எதிர்த்த கிருமிகளில், புரதத்தில் மாற்றமே இல்லை. மரபணுவின் முன்னால் 126 எழுத்துத் துண்டு ஒன்று ஐந்து முறை திரும்பத் திரும்ப நின்றது. அடங்கும் கிருமியில் அது ஒரே முறை. நொதி அதிகமாகச் சுரக்கிறது, மருந்து போதவில்லை, அவ்வளவுதான். நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸில் மரபணுவின் முன்னால் 34 எழுத்துத் துண்டு இரட்டிப்பதும் புரதத்தின் 98-ஆம் இடத்தில் ஒரு மாற்றமும் சேர்ந்தே வருகின்றன. வயலில் அடிக்கும் மருந்துக்கும் மருத்துவமனை மாத்திரைக்கும் இலக்கு ஒன்றே என்பதால்தான் இந்தத் துறையில் மருத்துவர்களும் கூட உட்கார்ந்திருக்கிறார்கள்.

புரதத்துக்குள் வரும் மாற்றங்களில் எண் குழப்பம் ஒன்று உண்டு. டைரோசின் என்ற அமினோ அமிலம் போய் ஃபினைல்அலனின் வருவது பல பூஞ்சைகளில் பார்த்த மாற்றம். கோதுமைப் பூஞ்சையில் அது 137-ஆம் இடம், திராட்சைச் சாம்பல் நோயில் 136, ஆஸ்பெர்ஜில்லஸில் 121, மனிதரைத் தாக்கும் ஈஸ்டான கேண்டிடாவில் 132. நான்கும் நொதியின் ஒரே மூலைதான். முன்னால் உள்ள நீளம் மாறுவதால் எண் மாறுகிறது. உங்கள் வரிசையைத் தெரிந்த வரிசைகளோடு பக்கம் பக்கமாக அடுக்கிய பிறகே இடத்துக்கு எண் கொடுங்கள்.

எதுவுமே மாறவில்லை என்றாலும் கதை முடியவில்லை. மருந்தை உள்ளே வரவிட்டு வெளியே இறைக்கும் பம்புகளும் உண்டு. அதற்கு ஒரு தடயம்: சம்பந்தமே இல்லாத வேறு குழு மருந்துக்கும் அந்தக் கிருமி கொஞ்சம் அசையாமல் நிற்கும். வரிசையைப் படித்ததோடு, மருந்து சேர்த்தும் சேர்க்காமலும் வளர்த்த இழைகளில் ஏ, பி இரண்டின் வெளிப்பாட்டையும் ஆக்டினோடு ஒப்பிட்டு அளவறி பிசிஆரில் பாருங்கள். மருந்து பட்டதும் மட்டும் உயர்வது வேறு, எப்போதுமே உயர்ந்து நிற்பது வேறு.

ஸ்டெராலையே பார்த்துவிடுதல்

இவ்வளவு தூரம் வந்து, ஸ்டெராலைக் கண்ணால் பார்க்காமல் ஆய்வேட்டை முடித்தவர்களை நான் அறிவேன். அது பெரிய வேலையும் இல்லை. எடை போட்ட இழைகளை ஆல்கஹாலில் கரைத்த 25 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு 85 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அந்தக் கரைசல் தோலையும் அப்படியே கரைக்கும். ஆறியதும் தண்ணீரும் ஹெப்டேனும் சேர்த்துக் குலுக்கி, மேலடுக்கை எடுத்துப் புறஊதா மானியில் 240 முதல் 300 நானோமீட்டர் வரை ஓட்டுங்கள். எர்கோஸ்டெரால் இருந்தால் நான்கு கூர் உள்ள மலைத்தொடர் தெரியும். உயர்ந்த கூர் 282-ஐ ஒட்டி நிற்கும். அசோலில் வளர்ந்த அடங்கும் கிருமியில் அந்த மலை தரைமட்டமாகும். யூபுரிகால் தேங்கியிருக்கிறதா என்று சொல்ல இந்த மானி உதவாது; அதற்கு வாயு நிறப்பகுப்பும் நிறைமானியும் சேர்ந்த கருவியில் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும்.

எர்கோஸ்டெராலே தயாரிக்காத திரிபுகளைப் பொறுக்க ஒரு பழைய தந்திரம் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லி. அது எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு சவ்வை ஓட்டையாக்கும். ஆகவே எர்கோஸ்டெரால் இல்லாதவன் பிழைப்பான். மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சையில் பாதையின் பல படிகளை இப்படித்தான் பிரித்தறிந்தார்கள்.

நிரூபணம்

வரிசையில் மாற்றம் தெரிந்தால் அது சந்தேக நபர், அவ்வளவே. அந்த மாற்றத்தை மட்டும் அடங்கும் கிருமிக்குள் கொண்டுவந்து, அது எதிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். மரபணுவை உள்ளே கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வழியாகவோ, மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் வழியாகவோ செய்யலாம். மாற்றம் ஏறிய கிருமி மட்டும் பிழைக்கும்படி ஹைக்ரோமைசின் மருந்தால் பொறுக்குவதாக இருந்தால், உங்கள் கிருமி எந்த அளவில் சாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பிரதி உள்ள பூஞ்சையில் ஒன்றை நீக்கினாலும் மற்றது தாங்கும். இரண்டையும் ஒரே கிருமியில் நீக்கப் பார்த்து, தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்று மாதக்கணக்கில் உட்காராதீர்கள்.

கடைசியாக, மாற்றிய கிருமி இன்னும் நோய் உண்டாக்குகிறதா என்பது. மறுபடியும் அக்கா கடை. இந்த முறை நல்ல பழம். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஸ்போர் உள்ள நீர்த்துளியை ஊசியால் குத்திய இடத்திலும் குத்தாத இடத்திலும் வைத்து, ஈரத்தாள் விரித்த பெட்டியில் மூடுங்கள். சில பழங்களில் வெறும் தண்ணீர். இந்தப் பூஞ்சை பச்சைக் காயிலேயே புகுந்து, பழுக்கும்வரை சத்தமில்லாமல் படுத்திருக்கும் பழக்கம் உடையது. தண்ணீர் மட்டும் வைத்த பழத்திலும் ஐந்தாம் நாள் குழி விழுந்தால், பெட்டி முழுவதையும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு, வேறு தோட்டத்துப் பழம் இருக்கிறதா என்று அக்காவிடம் கேளுங்கள்.